வெளிக்களப் பணிக்கேற்ற ஜூம் காமிரா: மும்பைக் கரையை முன்னிட்டு ஒரு பாடம்

வெளிக்களத்தில் பணிபுரியும் ஊழியரும், மாணவரை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் செல்லும் ஆசிரியரும் காமிரா வாங்கச் சென்றால், கடைக்காரர் முதலில் சுட்டிக்காட்டுவது அதன்மேல் பொறித்துள்ள ஒரு மடங்கு எண்ணையே. 30 மடங்கு, 60 மடங்கு, 125 மடங்கு என அவ்வெண் ஏற ஏறக் கருவியும் சிறந்ததெனக் கருதுவது இயல்பு. ஆயினும் ஈரமும் உப்பும் நிறைந்த மும்பை போன்ற கடற்கரை நகரத்தில் ஒரு காமிராவின் ஆயுளை நிர்ணயிப்பது அவ்வெண் அன்று. அதன் கூட்டுக்குள் வெளிக்காற்று எவ்வளவு எளிதில் புகுகின்றது என்பதே அதனை நிர்ணயிக்கின்றது. இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்ந்து, பின்னர் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாகத் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளைக் கொள்வோம். இவை தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இடங்கள். ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவிலேயே அமைந்திருந்தும், காமிராவிடம் வெவ்வேறு வேலைகளைக் கேட்பவை. தாராவியை அடுத்து, மித்தி ஆற்றின் கழியோரத்தில், மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா அமைந்துள்ளது. ஒரு காலத்தில் நகரத்தின் குப்பை கொட்டப்பட்ட 37 ஏக்கர் நிலத்தில் மரங்கள் நட்டு வளர்க்கப்பட்டு, 1994ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. அங்கு வேண்டுவது அண்மைப் படம். அதுவும் மழைக்காலத்தில், மர நிழலில். செம்பூருக்குத் தெற்கே மாஹுல் கழியை ஒட்டிச் சிவ்ரி வரை பரந்துள்ள சேற்றுப் படுகையில் குளிர்காலத்திலும் கோடையிலும் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. அங்கு வேண்டுவது தொலைப்படம். மாட்டுங்காவோ, பெரும்பாலோர்க்குக் காமிராவை வீட்டில் வைத்துப் பாதுகாக்கும் இடம். மற்ற இரு இடங்களிலும் கருவி சில மணி நேரமே இருக்கின்றது. எஞ்சிய நாளெல்லாம் அலமாரியில் இருக்கின்றது. கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

மடங்கு எண்ணின் பொருள்

ஜூம் என்னும் சொல்லை 'உருப்பெருக்கம்' எனத் தமிழில் எழுதும் வழக்கம் பரவியுள்ளது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர்க்கு இது நெருடலான சொல். ஏனெனில் அது பொருளையே மாற்றிவிடுகின்றது. லென்சின் மிகப் பெரிய குவிதூரத்தை மிகச் சிறிய குவிதூரத்தால் வகுத்துக் கிடைக்கும் ஈவே காமிராவின்மேல் எழுதப்படும் மடங்கு எண். 25 மில்லிமீட்டரில் தொடங்கி 100 மில்லிமீட்டரில் முடியும் லென்சு 4 மடங்கு உடையது. 25இல் தொடங்கி 600இல் முடிவது 24 மடங்கு உடையது. பொருள் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. 50 மில்லிமீட்டர் லென்சின் காட்சி ஏறக்குறைய வெறுங்கண்ணின் காட்சியை ஒத்தது எனக் கொண்டால், 600 மில்லிமீட்டர் என்பது பன்னிரண்டு மடங்குத் தொலைநோக்கிக்குச் சமம். பறவை நோக்குவோர் கழுத்தில் தொங்கும் எட்டு மடங்குத் தொலைநோக்கி, இக்கணக்கில், 400 மில்லிமீட்டராகும். ஆகவே கடையில் கேட்கவேண்டிய கேள்வி 'எத்தனை மடங்கு?' என்பதன்று, 'எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது?' என்பதே.

முப்பத்தைந்து மில்லிமீட்டர் நிழற்படக் காமிராவுக்கென விற்பனைக்கு வந்த முதல் ஜூம் லென்சு, ஜெர்மானிய நிறுவனமாகிய வாய்க்ட்லண்டர் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜூமார் ஆகும். அது 36இல் தொடங்கி 82 மில்லிமீட்டரில் முடிந்தது. இரண்டேகால் மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 2018இல், நிக்கான் நிறுவனத்தின் பி1000 என்னும் காமிரா 24 முதல் 3000 மில்லிமீட்டர் வரை, அதாவது 125 மடங்கு, எட்டியது. இப்பெரும் தாவலுக்குக் காரணம் லென்சு மட்டுமன்று. படம் விழும் ஒளியுணர் தகடு சிறுத்துப்போனதே முதற்காரணம். பழைய பிலிம் சட்டத்தின் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர். பி1000இன் தகடு ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், கட்டைவிரல் நகத்தினும் சிறியது. அச்சிறு தகட்டில் 539 மில்லிமீட்டர் உண்மைக் குவிதூரமே பழைய சட்டத்தின் 3000 மில்லிமீட்டருக்கு ஒப்பான குறுகிய காட்சியைத் தந்துவிடுகின்றது. விளம்பரங்களில் காணும் பெரிய எண் 'ஒப்புக் குவிதூரம்'; லென்சின் முகப்பில் சிறிய எழுத்தில் பொறித்திருப்பது உண்மைக் குவிதூரம். இரண்டையும் குறித்துக்கொள்ளல் நலம். ஏனெனில் அடுத்துவரும் கணக்குக்கு இரண்டாவதே தேவை.

உண்மைக் குவிதூரத்தை, எப் எண் எனப்படும் துவார எண்ணால் வகுத்தால், ஒளி புகும் வாயிலின் விட்டம் கிடைக்கும். தொலைப்படத்தில் எவ்வளவு நுண்மை தெரியும் என்பதையும், மங்கிய ஒளியில் படம் எவ்வளவு தெளிவாக அமையும் என்பதையும் பெரும்பாலும் இவ்விட்டமே தீர்மானிக்கின்றது. சில கருவிகளை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். 2019இல் வெளிவந்த ஒலிம்பஸ் டிஜி6 என்னும் நீர்புகாச் சிறு காமிராவின் தொலைமுனை 18 மில்லிமீட்டர், எப்/4.9, வாயில் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. 2015இல் வெளிவந்த பானாசோனிக் எப்இசட்300இல் 108 மில்லிமீட்டர், எப்/2.8, வாயில் 39 மில்லிமீட்டர். 2017இல் வெளிவந்த சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பில் 220 மில்லிமீட்டர், எப்/4, வாயில் 55. நிக்கான் பி900இல் 357 மில்லிமீட்டர், எப்/6.5, வாயில் அதே 55. பி1000இல் 539 மில்லிமீட்டர், எப்/8, வாயில் 67.

இவ்வரிசையில் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. பி900இன் ஒப்புக் குவிதூரம் 2000; பி1000இன் ஒப்புக் குவிதூரம் 3000. எட்டும் தொலைவு ஒன்றரை மடங்கு கூடியது. வாயிலின் விட்டமோ ஐந்தில் ஒரு பங்கே கூடியது. எப்/8 துவாரத்தில் ஒளியின் அலைத்தன்மை காரணமாக ஒரு புள்ளி 10 மைக்ரானுக்குச் சற்று மேற்பட்ட வட்டமாக விரிகின்றது. அத்தகட்டின் ஒவ்வொரு படப்புள்ளியும் 1.3 மைக்ரான் அகலமே உடையது. எட்டுப் படப்புள்ளி அகலமுள்ள ஒரு மங்கல் வட்டத்தை மேலும் மேலும் பெரிதாக்கிக் காட்டுவதில் புதிய செய்தி சிறிதளவே கிடைக்கும். கருவியின் எடையோ 899 கிராமிலிருந்து 1,415 கிராமாக உயர்ந்துவிடுகின்றது. நாள் முழுதும் கழுத்தில் தொங்கவிடும் ஊழியர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

மாஹுல் படுகையில் ஒரு கணக்கு

சிறிய பூநாரை நிமிர்ந்து நின்றால் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உயரம். அது நம்மிடமிருந்து 200 மீட்டர் தொலைவில் நிற்கின்றதெனக் கொள்வோம். 100 மில்லிமீட்டர் ஒப்புக் குவிதூரத்தில் அப்பறவை படச்சட்டத்தின் உயரத்தில் அறுபதில் ஒரு பங்காகத் தோன்றும். கூட்டம் இருக்கின்றது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. 600 மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகும். இரண்டு கோடிப் படப்புள்ளியுடைய படத்தில் அது ஏறத்தாழ 365 புள்ளி உயரம். இனத்தை அறியவும், முதிர்ந்ததா இளையதா எனப் பிரிக்கவும், கூட்டத்தை எண்ணவும் இது போதும். 2000 மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நிறையும்.

அப்படியாயின் 2000 மில்லிமீட்டர் ஆடம்பரமா? அன்று. அதற்கென ஒரு வேலை உண்டு. 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் போக்குவரவை ஆராய்ந்து வருகின்றது. வளையத்தின் குறியைத் தொலைவிலிருந்தே படித்துவிட்டால், பறவையை மீண்டும் பிடிக்கவேண்டிய தேவையின்றியே அது எங்கிருந்து வந்தது என அறியலாம். எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டர், தொலைவு 100 மீட்டர் எனக் கொண்டால், 600 மில்லிமீட்டரில் அவ்வெழுத்து ஒன்பது படப்புள்ளி உயரமே பெறும். மூன்றா எட்டா என ஐயுறவேண்டி வரும். 2000 மில்லிமீட்டரில் ஏறத்தாழ 27 புள்ளி பெறும், படித்துவிடலாம். வளையம் படிப்பதே பணியாக உள்ளவர்க்குப் பெரிய ஜூம் வேண்டும், மற்றையோர்க்கு வேண்டுவதில்லை. ஓர் அலுவலகத்திற்கு அத்தகைய கருவி ஒன்றிருந்து, தேவைப்படுவோர் மாற்றி மாற்றி எடுத்துச் சென்றால் போதும்.

எக்கருவியாலும் வெல்ல முடியாத தடை ஒன்றும் இப்படுகையில் உண்டு. வெயில் ஏறியதும் சூடேறிய சேற்றின்மேல் காற்று அலையலையாக நடுங்கும். அந்நடுக்கத்தின் ஊடே எடுக்கும் படம், லென்சு எவ்வளவு உயர்ந்ததாயினும், நீரில் கரைந்த ஓவியம் போலவே அமையும். விடியற்காலையும் உயர் ஓதத்தை ஒட்டிய நேரமும் ஒன்றுகூடும் நாளைத் தேர்ந்துகொண்டால் பறவைகளும் கரையை நெருங்கி நிற்கும். தொலைவு பாதியாகக் குறையும். ஓத அட்டவணையைப் பார்த்தல், ஜூமை இருமடங்காக்குவதற்கு ஒப்பானது. அதற்குச் செலவும் இல்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இயற்கையாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), பல பாகங்களைத் தாமே இணைத்துக்கொண்ட கனத்த காமிராவைச் சுமந்து காட்டில் நடந்தே சென்று யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். அக்காலத்தில் கிடைத்த லென்சுகளின் எட்டத்தை இன்றைய கடைக்காரர் ஏளனம் செய்வர். விலங்கின் நடத்தையை அறிந்து காத்திருக்கும் பொறுமை அவரிடம் அக்குறையை நிரப்பியது.

நீண்ட குவிதூரத்தில் கை நடுக்கமும் பெருகும். 600 மில்லிமீட்டரில் கையில் பிடித்தபடி எடுக்க, நொடியில் அறுநூறில் ஒரு பங்கு வேகம் வேண்டும் என்பது பழைய விதி. தற்காலக் கருவிகளின் நடுக்கந்தணிக்கும் அமைப்பு இதனை நொடியில் நாற்பதில் ஒரு பங்கு வரையிலும் தளர்த்தலாம்; ஆனால் அது நம் கையின் நடுக்கத்தைத் தணிக்குமேயன்றிப் பறவையின் சிறகை நிறுத்தாது. பறக்கும் பறவைக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தேவை. முக்காலி சுமக்க விரும்பாதவர் ஒரு துணிப்பையில் பச்சைப்பயறு நிரப்பிச் சுவர்மேல் வைத்து, அதன்மேல் காமிராவை அமர்த்தலாம்.

இப்படுகையின் படங்கள் பொழுதுபோக்குக்கு மட்டும் உரியன அல்ல. இக்கழியின் வடபகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. சிவ்ரிப் பக்கமோ சரணாலய எல்லைக்கு வெளியே உள்ளது. அங்கிருந்து நவசேவா செல்லும் அடல் சேது என்னும் கடற்பாலம் 2024 ஜனவரி 12இல் திறக்கப்பட்டது. பாலத்திற்கு முன்னும் பின்னும் படுகை எவ்வாறு மாறியது என்ற கேள்விக்கு விடை கூறத்தக்கவை, ஒரே இடத்திலிருந்து ஒரே குவிதூரத்தில் ஆண்டுதோறும் எடுத்த படங்களே. ஜூம் காமிராவில் இதற்கு ஒரு கட்டுப்பாடு தேவை. இடைப்பட்ட குவிதூரம் எதனையும் மறுமுறை துல்லியமாக அமைத்தல் கடினம். ஆதலின் ஒப்பீட்டுப் படங்களை லென்சின் இரு முனைகளுள் ஒன்றில், பெரும்பாலும் அகலமுனையில், எடுத்தல் வேண்டும். காமிராவின் கடிகாரம் சரியாக இருத்தலும் அவசியம். தேதி பிழைபட்ட படம் சான்றாகாது. மாஹுல், டிராம்பேப் பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் இருப்பதால் நிழற்படத் தடையுள்ள எல்லைகள் பல உண்டு. எந்தத் திசையை நோக்கிக் காமிராவை உயர்த்துவது என்பதையும் முன்னதாகக் கேட்டறிந்து செல்லல் வேண்டும்.

காற்றும் உப்பும்

இனி உறுதிக்கு வருவோம். உறுதியான காமிரா என்றதும் கீழே விழுந்தாலும் உடையாதது என்ற எண்ணமே எழுகின்றது. விழுதல் அரிய விபத்து. வாரினால் பெரிதும் தவிர்க்கலாம். ஈரமோ ஒவ்வொரு நாளும் நிகழும் தாக்குதல். மும்பையில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 சதவிகிதத்தைக் கடந்து நிற்கும். சமையல் உப்பு 75 சதவிகித ஈரப்பதத்தில் காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு 33 சதவிகிதத்திலேயே கரைந்துவிடும். எனவே கடற்காற்றில் வந்து காமிராவின் இடுக்குகளில் படிந்த உப்பு, மழைக்காலத்தில் மட்டுமன்று, ஆண்டு முழுதும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலமாகவே இருந்து, திருகாணிகளையும் மின்தொடு முனைகளையும் அரித்துக்கொண்டிருக்கும். செம்பூரின் ஆலைப் புகையும், தாராவிக் கும்பார்வாடாவின் குயவர் சூளைப் புகையும், எங்கும் நடைபெறும் கட்டட வேலையின் தூசியும் இதனோடு சேர்கின்றன.

இவை உள்ளே புகும் வழி எது? நீளும் ஜூம் குழலே முதல் வழி. குழல் வெளியே நீளும்போது கூட்டின் கொள்ளளவு கூடுகின்றது. கூடிய இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகின்றது. குழல் சுருங்கும்போது காற்று வெளியேறுகின்றது. தூசியும் உப்பும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. கொல்லன் உலைத்துருத்தி காற்றை இழுத்து விடுவது போன்றது இது. மடங்கு எண் பெரிதாகக் குழலின் நீளமும், ஒவ்வோர் அசைவிலும் இழுக்கப்படும் காற்றின் அளவும் கூடும். மடங்கு எண்ணுக்கும் உறுதிக்கும் உள்ள பகை இதுதான். மேலே கூறிய நிக்கான் கருவிகள் இரண்டிலும் தூசி, ஈரம் தடுக்கும் அடைப்புகள் இல்லை. எப்இசட்300இலும் ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பிலும் ரப்பர் அடைப்புகள் உள்ளன. தூறலையும் தெறிக்கும் நீரையும் அவை தாங்கும். டிஜி6இல் குழல் நீள்வதே இல்லை. உள்ளே ஒரு பட்டகம் ஒளியைச் செங்கோணமாகத் திருப்ப, லென்சுகள் கூட்டுக்குள்ளேயே மேலும் கீழும் நகர்கின்றன. 15 மீட்டர் ஆழம் வரை நீரில் அமிழ்த்தலாம். எட்டம் 100 மில்லிமீட்டரோடு நிற்பதற்கு அம்மூடிய அமைப்பே காரணம்.

தயாரிப்பாளரின் சொற்களைப் படிக்கும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளல் வேண்டும். ஐபி67, ஐபி68 போன்ற குறிகள் சர்வதேச மின்தொழில்நுட்பக் குழுவின் விதிப்படி அளந்து தரப்படுபவை. முதல் இலக்கமான 6 தூசி முற்றிலும் புகாமையைக் குறிக்கும். இரண்டாம் இலக்கமான 7, ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் அமிழ்ந்திருந்தும் கெடாமையைக் குறிக்கும். 8 அதனினும் கடுமையான, தயாரிப்பாளர் வகுத்த நிலையைக் குறிக்கும். இச்சோதனைகள் நன்னீரில் நிகழ்த்தப்படுபவை; கடல்நீரைப் பற்றி அவை ஒன்றும் கூறுவதில்லை. 'வானிலை தாங்கும்', 'தெறிநீர் தாங்கும்' போன்ற தொடர்களுடன் எண் எதுவும் இல்லாவிடின், அவை அளவையன்று, வாக்குறுதியே. மின்கலக் கதவைத் திறந்து, அதன் விளிம்பில் ரப்பர் வளையம் உள்ளதா எனக் கண்ணால் கண்டு உறுதிசெய்தல் நலம். உத்தரவாதச் சீட்டில் நீரால் நேரும் சேதத்தைப் பற்றி என்ன எழுதியுள்ளது என்பதையும் படித்தல் வேண்டும். கோட்டைப் பகுதியிலுள்ள போரா பஜார் போன்ற சந்தைகளில் விலை குறைத்துக் கேட்குமுன், அச்சீட்டு இந்தியாவில் செல்லுமா என்று கேட்பது முறை.

நீர்புகாக் காமிராவிலும் முழு நம்பிக்கை கூடாது. அதன் உயிர் ஒரு ரப்பர் வளையத்தில் உள்ளது. ஒரு தலைமயிரோ ஒரு மணல் துகளோ அவ்வளையத்தின்மேல் சிக்கினால், 15 மீட்டர் தாங்கும் கருவி ஒரு வாளி நீரில் கெட்டுவிடும். வெளிக்களத்தில் மின்கலக் கதவைத் திறத்தலாகாது. புறப்படுமுன் மின்கலத்தை நிறைத்து, கதவை மூடி, மாலையில் வீடு திரும்பிய பின்னரே திறத்தல் வேண்டும். மாஹுல் சேற்றிலிருந்து திரும்பியதும் இவ்வகைக் காமிராவைக் கதவு மூடிய நிலையில் நன்னீரில் சிறிது நேரம் அமிழ்த்தி உப்பை நீக்கலாம். அடைப்பு மட்டும் உள்ள கருவிகளை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்துதல் வேண்டும்.

மழைக்காலத்தில் தாராவிப் பூங்காவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கு இச்சிறு நீர்புகாக் காமிராவே ஏற்றது என்பது என் கருத்து. காளான், நத்தை, வண்ணத்துப்பூச்சி ஆகியன மிகுதியாகத் தென்படும் பருவம் அதுவே. அப்போது மற்றக் கருவிகள் பையை விட்டு வெளிவரத் தயங்கும். டிஜி6 லென்சுக்கு ஒரு சென்டிமீட்டர் அண்மையிலுள்ள பொருளையும் குவியப்படுத்தவல்லது. இலையின் அடிப்புறத்து முட்டைகளை வகுப்பு முழுவதும் காணச் செய்யலாம். அதன் எடை 253 கிராம். பத்து வயதுச் சிறுவன் கையில் கொடுத்தாலும் அச்சமில்லை. இதே காமிராவைச் சிவ்ரிக்குக் கொண்டு சென்றால் பயனில்லை என்பதை மேற்கண்ட கணக்கு காட்டியுள்ளது. இரண்டு இடத்திற்கும் ஒரே கருவிதான் வாங்க இயலும் எனின், 600 மில்லிமீட்டரில் முடிந்து, அடைப்புகளும் உடைய காமிராவே நடுவழி. எப்/2.8 துவாரத்தைத் தொலைமுனை வரை விடாது காக்கும் எப்இசட்300 போன்ற கருவிக்கு மர நிழலில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. எப்/8 துவாரத்தைக் காட்டிலும் எட்டு மடங்கு ஒளி தகட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் விழும். அதன் எடையும் 691 கிராமே. ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பின் தகடு நான்கு மடங்கு பரப்புடையது. படம் மேலும் தெளிவானது. எடை ஒரு கிலோவைக் கடக்கின்றது. விலையோ பள்ளி நிதிக்கு எளிதில் அடங்குவதன்று.

அலமாரியில்

மாட்டுங்கா வீட்டு அலமாரிக்கு இப்போது திரும்புவோம். லென்சின் கண்ணாடியில் வலைபோலப் படரும் பூஞ்சணமே கடற்கரை நகரங்களில் காமிராவின் பெரும் பகை. ஈரப்பதம் 60 சதவிகிதத்துக்கு மேல் நெடுநாள் நிற்குமிடத்தில், இருளும் அசையாக் காற்றும் சேர்ந்தால் அது முளைக்கும். அது வெளிவிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். பின்னர்த் துடைத்தாலும் வடு நீங்காது. இத்துறையில் தட்பவெப்பம் எவ்வளவு முக்கியமெனக் கருதப்பட்டது என்பதற்கு ஒரு சான்று: பிலிம் தயாரிக்க 1960இல் அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலைக்குத் தேர்ந்த இடம் பம்பாயோ சென்னையோ அன்று, குளிர்ந்த, தூசி குறைந்த உதகமண்டலம்.

தாராவியின் தோல் தொழில் புகழ்பெற்றது. அதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்ற தமிழர் பலர் பங்கு கொண்டனர். அங்கு வாங்கும் தோல் உறை காமிராவைச் சுமப்பதற்கு அழகானது. ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பூஞ்சணத்துக்கு உணவும் ஆகும். வீடு திரும்பியதும் காமிராவை உறையினின்றும் எடுத்துவிடல் வேண்டும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், சிறிய ஈரமானியுடன், சிலிக்கா ஜெல் பையை இட்டு, ஈரப்பதத்தை 40க்கும் 50க்கும் இடையே நிறுத்தலாம். ஈரம் உறிஞ்சிய ஜெல்லை 120 டிகிரி அடுப்பில் இரண்டொரு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். நீலநிற ஜெல்லில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட்டு உப்பு கலந்திருப்பதால், பள்ளிகளில் ஆரஞ்சு நிற வகையையே வாங்குதல் நன்று. அரிசிப் பானைக்குள் காமிராவைப் புதைக்கும் வீட்டு வைத்தியம் பலன் தராது. கடை அரிசியிலேயே 12 முதல் 14 சதவிகிதம் நீர் உண்டு. அது தன்னைச் சுற்றிய காற்றை 60 சதவிகிதத்துக்குக் கீழே உலர்த்த வல்லதன்று. மாவுத் தூசி வேறு இடுக்குகளில் புகும். இரசகற்பூர உருண்டைகளும் வேண்டா; அவற்றின் ஆவி கண்ணாடியிலும் ரப்பரிலும் படியும்.

குளிரூட்டிய ரயில் பெட்டியிலிருந்தோ அறையிலிருந்தோ வெளியே வரும் நொடியும் ஆபத்தானது. வெளியே 32 டிகிரி வெப்பமும் 75 சதவிகித ஈரப்பதமும் இருந்தால், 27 டிகிரிக்குக் கீழுள்ள எப்பொருளின் மீதும் பனி படியும். 24 டிகிரியில் இருந்த காமிரா உடனே வியர்க்கும், உள்லென்சுகளும் வியர்க்கும். பையை மூடியபடியே அரைமணி வைத்திருந்து, கருவி வெளி வெப்பத்தை அடைந்த பின்னரே திறத்தல் வேண்டும்.

பழைய காமிரா வாங்குவோர்க்கு ஒரு சோதனை. துவாரத்தை முழுதும் திறந்து, ஜூமை நீட்டி, முன்புறத்திலிருந்து சாய்வாக ஒரு கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சி, உள்ளே உற்று நோக்குக. சில தூசித் துகள்கள் தென்படுதல் இயல்பு. அவை படத்தில் தோன்றா. குழலை நீட்டும்போது நறநறவென்னும் ஓசை கேட்டால் உள்ளே மணல் உண்டு. மின்கலக் கூட்டில் பச்சை படர்ந்திருந்தால் உப்பு ஏற்கெனவே புகுந்துவிட்டது. கண்ணாடியின் ஓரத்திலிருந்து வெண்ணிற இழைகள் சிலந்தி நூல் போலக் கிளைத்துச் சென்றால் அது பூஞ்சணம். விலை எவ்வளவு குறைவாயினும் அதனை ஏற்றல் கூடாது. முன்னரே வாங்கிவிட்டிருந்தால், நல்ல கருவிகள் உள்ள பெட்டிக்குள் அதனை வையாமல் தனியே ஒதுக்கி வைத்தல் வேண்டும்.